ஈஸ்டர் குதிரைகளும் ஒரு பழைய சிலேட்டும்



ஜெர்மனியிலிருந்து திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. "டீச்சர், போட்டோவா போடுறீங்களே தவிர ஒண்ணும் எழுத மாட்டேங்கறீங்களே" என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதையும் இந்தப் பதிவிலேயே சொல்லிவிடப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நான் போட்ட படங்களிலேயே அதிகம் கேள்வி வந்தது, கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக ஆட்கள் குதிரைமேல் வரிசையாகப் போகும் படத்துக்குத்தான். "சினிமா ஷூட்டிங்காக்கா?" என்று என் தம்பிகூடக் கேட்டிருந்தான். சினிமா இல்லை. 2025 ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு அன்று என் கண்ணால் பார்த்தது.

ஜெர்மனி என்றால் ஜெர்மன் பேசுகிறவர்கள் மட்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இத்தனை வருஷம் வகுப்பில் உலகப் படத்தை மாட்டிப் பாடம் நடத்தியவள் நான். இப்படி ஒரு மக்கள் இருப்பது தெரியாது. மகள் இருப்பது டிரெஸ்டன் நகரத்தில். அங்கிருந்து கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரம் போனால் போதும், ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயர் இரண்டு மொழியில் இருக்கிறது. மேலே பவுட்சன், கீழே புதிஷின். கீழே இருப்பது சோர்பிய மொழி.

போலந்து, செக் எல்லைகளை ஒட்டிய அந்தப் பகுதிக்கு லவ்சிட்ஸ் என்று பெயர். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அங்கே இருக்கிறார்கள் சோர்பியர்கள். ஸ்லாவிய இனம், அவர்கள் மொழி போலிஷுக்கும் செக்குக்கும் பங்காளி. சுமார் 60,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மொழியை வீட்டில் பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு. அதிலும் தெற்கே சாக்சனி மாநிலத்தில் பேசுவது மேல் சோர்பியம், வடக்கே பிராண்டன்பர்க்கில் பேசுவது கீழ் சோர்பியம் என்று இரண்டு. தங்களுக்கென்று தனி நாடு இருந்ததில்லை. செர்பியா என்று வேறொரு நாடு இருக்கிறது, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் முதலில் குழப்பிக்கொண்டேன், மாப்பிள்ளை திருத்தினார்.

சனிக்கிழமை பவுட்சன் போனோம். நான், மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி. ஷ்ப்ரே ஆறு கீழே ஓட, பாறைமேல் கோட்டை, கோபுரம் கோபுரமாக ஊர். பாலத்தின் மேல் நின்று பார்த்தால் காலண்டர் படம்போல இருக்கிறது. 1558இல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் ஒன்று இருக்கிறது. கீழே ஆற்றிலிருந்து தண்ணீரை மேட்டிலுள்ள ஊருக்கு ஏற்றியிருக்கிறார்கள். எதிரி வந்தால் அதுவே காவல் கோபுரம். 1965 வரை வேலை செய்ததாம்! நம் ஊர் ஓவர்ஹெட் டேங்க் கட்டி எத்தனை வருஷத்தில் விரிசல் விட்டது என்று எழுதினால் வம்பு, விட்டுவிடுகிறேன்.

எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது புனித பேதுரு பேராலயம். உள்ளே நுழைந்து பார்த்தால் கட்டடமே நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. அதைவிட அதிசயம், ஒரே கோயிலைக் கத்தோலிக்கர்களும் லூத்தரன்காரர்களும் 1524இலிருந்து பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாதி அவர்களுக்கு, ஒரு பாதி இவர்களுக்கு. நடுவில் தடுப்பு. அது முன்பு 4 மீட்டர் உயரம் இருந்ததாம். 1952இல் குறைத்துவிட்டார்கள், இப்போது இடுப்பளவுதான். 500 வருஷம் இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறது. சண்டை இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் யாரும் வீட்டை இடிக்கவில்லை.

கோட்டைக்குள் சோர்பிய அருங்காட்சியகம். உடைகள், பழைய புத்தகங்கள், கல்யாணச் சீர் சாமான்கள். ஒரு சுவர் முன்னால் நான் நின்றுவிட்டேன். அவர்களுடைய அமைப்புகளுக்கெல்லாம் தாய் அமைப்பு தோமொவினா. 1912இல் தொடங்கியது. 1937இல் நாஜிகள் அதைத் தடை செய்தார்கள். பத்திரிகைகளை மூடினார்கள். பொது இடத்தில் மொழி கூடாது என்றார்கள். சோர்பியப் பாதிரியார்களையும் ஆசிரியர்களையும் பிடித்து ஜெர்மனியின் வேறு மூலைகளுக்கு இடமாற்றம் செய்தார்கள். மகள் படித்துச் சொல்லச் சொல்ல "வாத்தியாரையா?" என்று இரண்டு தரம் கேட்டேன். ஊர் பெயர்களைக்கூட ஜெர்மன் ஆக்கினார்கள். அலோய்ஸ் ஆந்த்ரிட்ஸ்கி என்ற இளம் சோர்பியப் பாதிரியாரை டாகாவ் முகாமில் 1943இல் கொன்றார்கள். போர் முடிந்து இரண்டே நாளில், 1945 மே 10 அன்று, குரோஸ்ட்விட்ஸ் என்ற கிராமத்தில் கூடி தோமொவினாவைத் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். வீடெல்லாம் இடிந்து கிடந்திருக்கும்; அப்போதும் முதல் வேலையாக அதைச் செய்திருக்கிறார்கள். 1948இல் சாக்சனியில் சோர்பியர் உரிமைக்கென்று ஒரு சட்டமே வந்துவிட்டது. பிறகு ஒரு காலத்தில், 2008 முதல் 2017 வரை, சாக்சனியின் முதலமைச்சராகவே ஒரு சோர்பியர் இருந்தார்.

அதே பவுட்சனில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலச் சிறை ஒன்றும் நினைவிடமாக இருக்கிறது. குழந்தை இருந்ததால் உள்ளே போகவில்லை. ஊரின் கடுகு ரொம்பப் பிரசித்தம். கடையில் இருந்த விதவிதமான கடுகு பாட்டில்களில் நாலு வாங்கி வந்தேன். என் அக்கா அதைத் தொட்டுக்கொண்டு இட்லி சாப்பிட்டது தனிக் கதை.

மறுநாள் ஞாயிறு. அந்த நாட்டில் ஈஸ்டர் அன்று கடை கண்ணி எல்லாம் மூடிவிடுவார்கள், புளிச்சாதம் கட்டிக்கொண்டுதான் கிளம்பினோம். குரோஸ்ட்விட்ஸ் போகும் வழியில் கிராமத்துக்குக் கிராமம் இரண்டு மொழிப் பலகை. வழியெல்லாம் கல் சிலுவைகள், மர சிலுவைகள். ஒரு பலகையில் மட்டும் கீழே இருந்த சோர்பியப் பெயரின் மேல் யாரோ கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எனக்கு என் இளமையில் பார்த்த தார் பூசிய ஸ்டேஷன் பலகைகள் ஞாபகம் வந்தன. ஆனால் இங்கே அழித்தவன் பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவன். நாட்டில் எங்கே போனாலும் அவன் மொழியில்தான் பலகை. அந்த ஒரு சின்ன வரி அவனை என்ன செய்தது என்று தெரியவில்லை.

இனி குதிரைகள். ஈஸ்டர் அன்று ஒவ்வொரு சோர்பியக் கத்தோலிக்கப் பங்கிலிருந்தும் ஆண்கள் குதிரையேறி பக்கத்துப் பங்குக்குப் போய், இயேசு உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியைச் சொல்லிவிட்டு வருவார்கள். இப்படி ஒன்பது ஊர்வலம். எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து ஐந்நூறு குதிரைக்கு மேல் வரும். குரோஸ்ட்விட்ஸ்காரர்கள் போவது பான்ஷ்விட்ஸ்-குக்காவ் மடத்துக்கு. 1248இல் ஏற்பட்ட கன்னியர் மடம். நடுவில் எத்தனை போர், எத்தனை ஆட்சி. இன்றும் அங்கே கன்னியர்கள் இருக்கிறார்கள்.

குளிர் காற்று. சாலை ஓரம் ஜனங்கள் நிற்கிறார்கள். முதலில் பாட்டுதான் கேட்டது. ஆண் குரல்கள், மெதுவாக, இழுத்து. பிறகு குளம்புச் சத்தம். பிறகு கொடி, சிலுவை. அப்புறம் இரண்டு இரண்டு பேராக வந்துகொண்டே இருக்கிறார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். கிழவர், நடுவயதுக்காரர், மீசை முளைக்காத பையன், எல்லாரும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, ஒரே தொப்பி. முதல் முறை குதிரை ஏறுகிற பையன் சட்டையில் பச்சை இலைக் கண்ணி குத்தியிருக்கும். 25 வருஷம் போனவருக்கு வெள்ளி, 50 வருஷம் போனவருக்குத் தங்க நிறம். தங்கக் கண்ணி குத்திய ஒரு பெரியவர் எங்களைக் கடந்து போனார். கண் நேரே பார்த்தபடி, வாய் பாடிக்கொண்டே.

குதிரைகளின் கடிவாளத்தைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று சோழி! நாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் உருட்டுகிற அதே சோழி. அது நம் பக்கத்துக் கடலின் சரக்கு. எந்தக் கப்பலில் ஏறி, எத்தனை கை மாறி இந்தக் குளிர்நாட்டுக் குதிரையின் நெற்றிக்கு வந்ததோ. "அம்மாயி, ஏன் பொண்ணுங்க யாரும் குதிரைல இல்ல?" என்று பேத்தி கேட்டாள் (இதையாவது தமிழில் கேட்டாளே). நல்ல கேள்வி. குதிரைக்கு வாலில் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவது, சட்டை தேய்ப்பது, வந்த விருந்தாளிக்கெல்லாம் சமைப்பது பெண்கள். அது மட்டும் நம் ஊர் மாதிரியே இருந்தது.

இப்போது உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டதால் எல்லா வீட்டிலும் குதிரை கிடையாது. ஈஸ்டருக்கென்று தூரத்து ஊர்களிலிருந்து வாடகைக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்கு வருஷா வருஷம் காசு சேர்த்து வைக்கிறார்களாம்.

ஊர்வலம் போன பிறகு ரால்பிட்ஸ் போனோம். அங்கே ஒரு கல்லறைத் தோட்டம். எல்லாக் கல்லறைக்கும் ஒரே அளவில், ஒரே மாதிரி வெள்ளை மரச் சிலுவை. பணக்காரன், கூலிக்காரன் என்ற வித்தியாசம் இல்லை. குடும்பத்துக்கு என்று தனி இடமும் இல்லை; இறந்த வரிசைப்படி அடுத்தடுத்து புதைக்கிறார்கள். வரிசை வரிசையாக வெள்ளை, பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி. புருஷன் ஒரு வரிசையில், பத்து வருஷம் கழித்துப் போன பெண்டாட்டி வேறு வரிசையில். சிலுவைகளில் எழுதியிருப்பது சோர்பிய மொழி. நான் அங்கே கொஞ்ச நேரம் தனியாக நடந்தேன். மகளுக்குப் புரிந்தது, கூப்பிடவில்லை.

அன்று மாலை மாப்பிள்ளையோடு வேலை செய்கிற ஒருவர் வீட்டுக்குக் காபிக்குப் போனோம். பக்கத்துக் கிராமம். அவரும் காலையில் குதிரை ஏறியவர். கோட்டைக் கழற்றிவிட்டு, கால் வலி என்று சோபாவில் சாய்ந்திருந்தார். வீட்டில் அவருடைய பாட்டி. 85 வயதுக்கு மேல். கறுப்புப் பாவாடை, தலையில் கட்டு; தினமும் அந்த உடைதான் என்றார்கள். அப்படி உடுத்துகிறவர்கள் இப்போது வயதானவர்கள் சிலர்தான்.

பாட்டி மேஜையில் முட்டைக்கு வண்ணம் தீட்டும் சாமான்களை இன்னும் எடுத்து வைக்காமல் இருந்தார், பேத்திக்குக் காட்டுவதற்காக. வாத்து இறகின் தண்டை நுனியில் சின்ன முக்கோணமாக வெட்டியிருக்கிறார்கள். மெழுகுவர்த்திமேல் வளைத்த கரண்டியில் மெழுகு உருகுகிறது. இறகை அதில் தொட்டு முட்டையில் ஒரு ஒற்று. ஒரு முக்கோணம் விழும். திரும்பத் தொட்டு, திரும்ப ஒற்று. பிறகு முட்டையை மஞ்சள் சாயத்தில் போடுவார்கள். மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு, அப்புறம் சிவப்பு, கடைசியில் கறுப்பு. முடிந்ததும் முட்டையை மெழுகுவர்த்திச் சுடர் ஓரமாகக் காட்டி, மெழுகு இளகும்போது துணியால் துடைத்தால், அதுவரை மறைந்திருந்த எல்லா நிறமும் ஒரே நேரத்தில் வெளியே வரும். பேத்தி 'ஓ' என்று கத்திவிட்டாள். அந்த முக்கோண வரிசைக்கு ஓநாய்ப் பல் என்று பெயர், தீங்கு அண்டாதாம். ஞானப் பிள்ளைக்கு ஞானத்தாய் தரும் முட்டை இது.

நானும் ஒன்று செய்தேன். கோலம் போட்ட கை, நடுங்கவில்லை. புள்ளி வைத்துச் சுற்றி ஓநாய்ப் பல் ஒற்றினேன். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "உங்களை ஆசிரியையான்னு கேக்கறாங்கம்மா" என்றாள் மகள். எப்படித் தெரிந்தது என்றேன். "பேத்தி ஒற்றும்போது நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தீர்கள்" என்றாராம். அவர்கள் மொழியில் ஆசிரியைக்கு 'வுச்செர்கா' என்று பெயர்.

அவர்கள் மொழியில் இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். ஒருமை, பன்மை என்று நாம் இரண்டு சொல்லித் தருகிறோம் அல்லவா? அவர்களிடம் நடுவில் இருமை இருக்கிறது. 'மி' என்றால் நாங்கள் பல பேர். 'முய்' என்றால் நாங்கள் இரண்டே பேர். சமஸ்கிருதத்தில் அப்படி உண்டு என்று கேட்டிருக்கிறேன்; ஐரோப்பாவில் உயிரோடு பேச்சில் இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் பதிலுக்கு நம்முடைய 'நாம்', 'நாங்கள்' வித்தியாசத்தைச் சொன்னேன். கேட்கிறவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். அது அவர்களிடம் இல்லை, ஜெர்மனிலும் இல்லை. குதிரைக்காரர் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். இலக்கணத்துக்கு ஒருவர் இப்படி எழுந்து உட்கார்ந்து என் 36 வருஷ சர்வீஸில் பார்த்ததில்லை!

பிறகுதான் அந்தப் பேச்சு வந்தது. பாட்டியின் மூத்த அக்கா நாஜிக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர். வாசல் வரை வீட்டு மொழி, வாசலைத் தாண்டினால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பிரியமான சோர்பிய வாத்தியாரை எங்கோ தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் கெட்டவர் இல்லையாம், அடிக்க மாட்டாராம். ஆனால் பிள்ளைகள் வீட்டு மொழியில் பேசினால் காது கேளாதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அக்கா கடைசி வரை அந்தத் திரும்பிய முகத்தைப் பற்றித்தான் பேசினாள்" என்றார் பாட்டி.

மகள் அதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, பெருமையாக அவர்களிடம் என்னைப் பற்றிச் சொன்னாள். "எங்கம்மா வேலை பார்த்த இடத்துல பிள்ளைங்களுக்கு வீட்ல தெலுங்கும் கன்னடமும்தான். அத்தனை பேருக்கும் எங்கம்மாதான் தமிழ் கத்துக் குடுத்தாங்க." உண்மைதான். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து 24 வயதில் தளி பக்கம் முதல் வேலைக்குப் போனவள் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும்.

பாட்டி என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். அதை மொழிபெயர்க்கும்போது மகள் கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பிள்ளைகளோட மொழி உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க."

இப்போது தெரியும் என்றேன். அந்த 'இப்போது' சரியாக மொழிபெயர்க்கப்பட்டதா என்று தெரியாது. பாட்டி தலையாட்டிவிட்டு எனக்கு இன்னொரு துண்டு கேக் வைத்தார்.

அடுத்த வாரம் வடக்கே ஷ்ப்ரேவால்ட் போனோம். பவுட்சனில் பாறைக்குக் கீழே பார்த்த அதே ஷ்ப்ரே ஆறு, இங்கே வந்து சமவெளியில் நூற்றுக்கணக்கான கால்வாய்களாகப் பிரிந்து காட்டுக்குள் பரவிவிடுகிறது. பிசாசு ஏர் உழும்போது மாடுகள் மிரண்டு ஓடியதில் கீறல் கீறலாக விழுந்த ஆறு என்று அவர்கள் கதை சொல்கிறார்கள். பனியுகம் விட்டுப் போன தடம் என்பது பூகோளம். 1991இலிருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். லூபெனாவ் படகுத் துறையில் ஏறினோம். தட்டையான படகு, மோட்டார் கிடையாது, பின்னால் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளுகிறார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் நகர்கிறது. இரண்டு பக்கமும் ஆல்டர் மரங்கள் அப்போதுதான் துளிர் விட்டிருந்தன. கொக்கு மாதிரி வெள்ளை நாரை ஒன்று வயலில் நடந்துகொண்டிருந்தது.

லேடெ என்ற குட்டிக் கிராமம் முழுக்கத் தீவு தீவாக இருக்கிறது. வெயில் காலத்தில் தபால்கூடப் படகில்தான் வரும், நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் வழக்கம். கூரை முகட்டில் இரண்டு பாம்புத் தலைகள் குறுக்காகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டைக் காக்கிற பாம்பு அரசனாம். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன், பழக்கம். அங்கே ஊறுகாய் வெள்ளரிக்காய் கட்டாயம் சாப்பிட வேண்டும். நம் மதுரை மல்லிகை மாதிரி ஊர்ப் பெயருக்கே சட்டப் பாதுகாப்பு வாங்கிய சரக்கு. உப்பு, வெந்தயக்கீரை மாதிரி ஒரு இலை, புளிப்பு. சாப்பாட்டுக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, தண்ணீர் வடித்த கெட்டித் தயிர், மேலே ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் லேசாகக் கசந்தது. எனக்குப் பிடித்தது. பேத்தி ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள்.

படகுக்காரருக்கு என் வயது இருக்கும். கீழ் சோர்பியம் பேசுவீர்களா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். கழியை ஊன்றிக்கொண்டே பதில் சொன்னார். "என் பாட்டி பேசுவார். அப்பாவுக்குப் புரியும். எனக்கு வணக்கம் சொல்லத் தெரியும்." அவ்வளவுதான். பின்னால் இருந்த என் பேத்தி, அவளிடம் நான் தமிழில் கேட்டதற்கு ஜெர்மனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் முழுக்க முடிந்து போய்விடவில்லை. 1998இல் கொட்புஸ் பக்கம் ஒரு பாலர் பள்ளியில் 'விதாய்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதற்கு வரவேற்பு என்று பொருள். ஜெர்மன் வீட்டுப் பிள்ளைகளிடம்கூட நாள் முழுக்கச் சோர்பியத்திலேயே பேசுவார்கள். பாடம் கிடையாது, பேச்சுதான். கை கழுவு, செருப்பைப் போடு, வெளியே மழை. பிள்ளை எந்த மொழியில் பதில் சொன்னாலும் திட்டக் கூடாது. பிறகு பள்ளிகளிலும் தொடர்கிறது. சோர்பிய ஆசிரியர் பயிற்சிக்கு ஜெர்மனியிலேயே லைப்சிக் பல்கலைக்கழகம் ஒன்றுதான். ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது என்று படித்தேன்.

திரும்பும் வழியில் ஒரு பெரிய ஏரி. மணல், படகு, குளிக்கும் ஜனம். மாப்பிள்ளை சொன்னார், இது ஏரி இல்லை, பழுப்பு நிலக்கரி தோண்டிய குழி, தண்ணீர் விட்டு நிரப்பியது. நெய்வேலி பார்த்தவர்களுக்குப் புரியும், ஆனால் இங்கே அளவு வேறு. லவ்சிட்ஸ் முழுக்கக் கரிக்காக 130க்கு மேற்பட்ட ஊர்களை அழித்திருக்கிறார்கள். பலவும் சோர்பிய ஊர்கள். ஊர் போனால் ஆட்கள் அங்கங்கே அடுக்குமாடிக்குப் போவார்கள். பக்கத்து வீட்டில் ஜெர்மன், கடையில் ஜெர்மன். சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் மொழி போய்விடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இத்தனை வருஷம் சுரங்கத்தில் நீர் இறைத்து ஷ்ப்ரே ஆற்றில் விட்டிருக்கிறார்கள். கோடையில் ஆற்றுத் தண்ணீரில் பெரும் பங்கு அதுதான். 2038க்குள் நிலக்கரியை நிறுத்தப் போகிறார்கள். நிறுத்தினால் அந்தப் படகுக் கால்வாய்களுக்குத் தண்ணீர் குறையும். கரி ஊரைத் தின்றது. கரி நின்றால் ஆறு மெலியும். எந்தப் பக்கம் நிற்பது என்று மாப்பிள்ளையும் மகளும் வண்டியில் ஒரு மணி நேரம் வாதம் செய்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். என் மனசு வேறு எங்கோ இருந்தது.

அது எங்கே இருந்தது என்றால் 1989இல், இரண்டாம் வகுப்பில்.

என்னிடம் அப்போது ஒரு சிலேட் இருந்தது. பழைய பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கும். "நான் தமிழில் பேசுவேன்" என்று எழுதி, கயிறு கட்டி வைத்திருந்தேன். வகுப்பில் யார் தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசினாலும் அவர் கழுத்தில் அது ஏறும். அடுத்தவர் பேசும் வரை கழற்றக் கூடாது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைமையாசிரியர் சொல்லவில்லை, பயிற்சியில் சொல்லவில்லை. என் சொந்த யோசனை. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். நான் பிரம்பு தொட்டதில்லை என்று இன்றும் நீங்கள் சொல்கிறீர்கள். சிலேட் இருந்ததால் பிரம்பு தேவைப்படவில்லை.

ஒரு நாள் காலை ஒரு பையன் மூச்சிரைக்க ஓடி வந்தான். முந்தின ராத்திரி அவர்கள் கேழ்வரகுக் கொல்லையில் யானை வந்திருக்கிறது. பரணில் அவனும் அவன் தாத்தாவும். கன்னடத்தில் கை கால் ஆட்டி அவன் சொல்லச் சொல்ல, வகுப்பே அவனைச் சுற்றி நின்றது. "ஆனெ" என்பது எனக்கும் புரிந்தது. யானை பரணுக்குக் கீழே வந்து நின்றது வரை சொல்லியிருப்பான். நான் உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் சிலேட்டை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் போய் உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு அவன் நன்றாகவே படித்தான். கேட்டால் பதில் சொல்வான், நல்ல தமிழில். ஆனால் அவனாக எதையும் சொல்ல என்னிடம் ஓடி வந்ததில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை ஒரு தடவைகூட இல்லை.

தமிழ் கற்றுக்கொடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை தமிழில், பஸ் போர்டு தமிழில், பெற்றோர்களும் அதைத்தான் கேட்டார்கள். உங்களில் பல பேர் அரசாங்க வேலையில் இருக்கிறீர்கள். அதற்காக நான் இன்றும் பெருமைப்படுகிறேன். ஆனால் யானைக் கதையைக் கேட்டுவிட்டு, "இதையே தமிழில் எனக்கு மறுபடி சொல்லு" என்றிருக்கலாம். அதற்கு எனக்கு அன்று பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும். பின்னாளில் சிலேட்டை விட்டுவிட்டேன், நானே கன்னடமும் தெலுங்கும் கற்றுக்கொண்டேன், அது வேறு. அவனிடம் மட்டும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவன் இந்த முகநூலில் என் நட்பில் இருக்கிறான். ஓசூர் பக்கம் ரோஜாப் பண்ணை வைத்திருக்கிறான். ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறான், என் பேத்தி படத்துக்கெல்லாம் இதயம் போடுகிறான். இரண்டு மாதமாக நான் எழுதாமல் தள்ளிப் போட்டதற்கு அவன்தான் காரணம். உன் பெயரை இங்கே எழுதவில்லையப்பா. உனக்குத் தெரியும்.

யானை பரணுக்குக் கீழே வந்து நின்றது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று? தாத்தா என்ன செய்தார்? கன்னடத்திலேயே சொல், எனக்கு இப்போது புரியும். டைப் அடிக்க நேரமில்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் போடு. ராத்திரி பத்து மணி வரை விழித்திருப்பேன்.